மாதுளைச் சிவப்பில் ஒரு கீறல்

"பச்சை விழுந்துடுச்சு அத்தான். தாண்டலாம்."

"எனக்கு இன்னும் பழசு மாதிரியே தெரியுதே."

"உங்களுக்கு என்னைக்கும் அப்படித்தான். வாங்க. லாரிக்காரனுக்கு நிறம் தெரியும், அவன் நின்னுட்டான்."

மச்சான் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினான்.

துப்பறிகிறவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது போர்டில் எழுதி மாட்டக்கூடிய சங்கதி அல்ல. இரண்டுமே அவருக்குக் காய்ந்த இலையின் நிறம். வாலிபத்தில் ரயில் ஓட்டப் போனவரை இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். அப்புறம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் பிறர் சொல்லும் பொய்களைக் கண்டுபிடித்து வயிறு கழுவினார். அந்த வேலையும் போன பின், சலவைக்கடை மாடியில் ஒற்றை அறை பிடித்து, சொந்தமாகத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். உதவிக்கு மனைவியின் தம்பி. அவன் நாலு பேர் முன்னால் "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் ஊருக்கே அத்தானாகிப் போனார். அவனும் ஊருக்கே மச்சானானான்.

அந்த அத்தானைத்தான் இன்றைக்கு ஒரு சிவப்புக் காரையும் இன்னொரு சிவப்புக் காரையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

கூப்பிட்டவர் ஒரு பஸ் கண்டக்டர் அம்மா. காலையில் காக்கிச் சட்டையும் தோளில் டிக்கெட் பையுமாக மாடிப்படி ஏறி வந்தார். கழுத்தில் விசில் ஆடியது.

"உக்காருங்கம்மா" என்றார் அத்தான்.

"நின்னே பழக்கம் அத்தான் சார். உக்காந்தா எனக்கு வார்த்தை வராது. என் வீட்டுக்காரர் ஒரு முதலாளிகிட்ட கார் டிரைவர். ரெண்டு பேர் உக்கார்ற சிவப்புக் கார், சத்தம் போட்டுட்டுத் தரையோட தரையாப் போகுமே, அந்த மாதிரி. நேத்து மதியத்துக்கு முன்னாடி, மார்க்கெட் பின்தெருவுல, சைக்கிள்ல போன தையற்காரம்மாவை ஒரு சிவப்புக் கார் அடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிடுச்சு. பாவம், அந்த அம்மாவுக்குக் கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கு. சைக்கிள் மட்கார்டுல சிவப்பாத் தீத்தியிருக்கு. முதலாளி கார்லயும் ஒரு கீறல். ரெண்டும் ஒரே சிவப்புன்னு எஸ்.ஐ. சொல்லிட்டார். இவரை லாக்கப்புல வச்சிருக்காங்க. சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அங்க போயிட்டார்னா எப்ப வருவார்னு யாருக்குத் தெரியும்?"

மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார். ஓடும் பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை.

"அந்த நேரத்துல உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

"கார் ஷெட்டுல, ஒரு மூலையில சாக்கு விரிச்சுத் தூங்கிட்டு இருந்தாராம்."

"யாராவது பார்த்தாங்களா?"

"யாராவது பார்த்திருந்தா எழுப்பி வேலை சொல்லியிருப்பாங்களே சார். யாரும் பார்க்கலேன்னுதானே தூங்கவே முடிஞ்சுது?"

அத்தான் பென்சிலைக் கீழே வைத்தார். இவ்வளவு உறுதியான சாட்சியத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்று அவருக்குத் தெரியும்.

"அப்புறம்?"

"அப்புறம் முதலாளியே வந்து எழுப்பினாராம். 'ரொம்பக் களைச்சுப் போயிருக்கே, வீட்டுக்குப் போய்ப் படு'ன்னு லீவு குடுத்து அனுப்பிட்டாராம். வீட்டுக்கு வந்து படுத்தார். பொழுது சாயறதுக்குள்ள போலீஸ் வந்து நிக்குது."

"லீவு இவர் கேட்டாரா?"

"கேட்டாலே குடுக்க மாட்டார் சார். எங்க கல்யாணத்தன்னைக்கே, முகூர்த்தம் முடிஞ்சதும் வந்துடுன்னு சொன்ன மனுஷன்."

அத்தான் மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையாட்டினான்.

"இவ்வளவு பெரிய தடயத்தை எந்தக் குற்றவாளியும் விட்டுட்டுப் போனதில்ல அத்தான்" என்றான். பிறகு கண்டக்டர் அம்மாவிடம் திரும்பி, "அவர் டிரைவர், நீங்க கண்டக்டர். வீட்டுல யார் சொல்றபடி வண்டி போகும்?" என்று கேட்டான்.

"விசில் என்கிட்டதான் இருக்கு தம்பி" என்றார் அந்த அம்மா. சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள பாருங்க. நான் ஸ்டேஷன் வாசல்லதான் நிப்பேன்."

*

ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு வீடுகள். நடுவே ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் ஒரே மாதிரி கட்டிக் கொடுத்தது. அக்காளும் தங்கையும் அந்தச் சின்னக் கதவு வழியாக நாளெல்லாம் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கட்டிய சகலைகள் இருவரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

கண்டக்டர் அம்மா சொன்ன முதலாளி பெரிய சகலை; அவருக்கு டைல்ஸ் வியாபாரம். சின்ன சகலைக்கு ஒரு கம்பெனியில் பெரிய நாற்காலி. பெரியவர் சிவப்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அதன் டயரில் மண் ஒட்டுவதற்குள் சின்னவரும் அதே கம்பெனியில், அதே மாதிரி, சிவப்பில் ஒன்று இறக்கிவிட்டார். "என் கலரைத் திருடிட்டான்" என்றார் பெரியவர். "அவர் வண்டி மிளகாய்ச் சிவப்பு, என் வண்டி மாதுளைச் சிவப்பு. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார் சின்னவர். அந்த மலையையும் மடுவையும் தெருவில் வேறு யாராலும் பார்க்க முடிந்ததில்லை.

அத்தானும் மச்சானும் போனபோது பெரியவர் வீட்டு ஷெட்டில் எஸ்.ஐ. காத்திருந்தார். அத்தானுக்கும் அவருக்கும் பழைய பழக்கம். சைக்கிளின் மட்கார்டைத் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போலக் கையில் ஏந்தியிருந்தார்.

"இதுல துப்பறிய ஒண்ணும் மிச்சமில்ல அத்தான்" என்று துணியைப் பிரித்தார். "நானே கலர் பார்த்துட்டேன். இந்தாங்க."

காரின் இடது முன் சக்கரத்துக்கு மேலே கன்னம் போல உப்பியிருந்த தகட்டில் நீளமாக ஒரு கீறல். எஸ்.ஐ. மட்கார்டை அந்தக் கன்னத்தோடு ஒட்டி வைத்தார். தீற்றலும் தகடும் ஒன்றில் ஒன்று கரைந்தன.

"அச்சு அசல்" என்றான் மச்சான்.

"பார்த்தீங்களா? உங்க ஆளே சொல்லிட்டான்."

பெரிய சகலை இடுப்பில் கை வைத்து நின்றார். குட்டையான, உருண்டையான மனிதர். "எனக்கு மட்டும் சந்தோஷமா என்ன? வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருந்தேன் அந்த டிரைவரை. நான் மாடியில கணக்கு வழக்கு பார்த்துட்டு இருந்தப்ப வண்டியை எடுத்துட்டுப் போய் இப்படிப் பண்ணிட்டான். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன் எஸ்.ஐ.கிட்ட, பாவம் விட்டுடுங்கன்னு."

"சொன்னார்" என்றார் எஸ்.ஐ. "புகாரும் அவர்தான் குடுத்தார். ரெண்டையும் ஒரே மூச்சுல செஞ்சார்."

மச்சான் அதற்குள் கார்க் கதவைத் திறந்து உள்ளே சரிந்துவிட்டான். ஷெட்டின் வாசல் தெருவைப் பார்த்திருந்தது. காரின் மூக்கு வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது.

"டேய், எறங்கு."

"துப்புக்காகத்தான் அத்தான். அப்பா, என்ன பள்ளம். இதுல ஏறுறதுன்னா கிணத்துல இறங்கற மாதிரி இருக்கு. ஆனா ரோடு நல்லாத் தெரியுது."

அத்தான் காரைச் சுற்றி வந்தார். கன்னத் தகட்டையும் அதை ஒட்டியிருந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மச்சானைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, காதோடு கேட்டார்: "இந்தத் தகடும் இந்தக் கதவும் ஒரே நிறமா?"

"ரெண்டும் சிவப்பு."

"ஒரே சிவப்பா?"

"நீங்க கேக்கற வரைக்கும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. இப்ப உத்துப் பார்த்தா... இல்ல அத்தான். ஒண்ணுதான். நீங்க கேட்டா பாலே கறுப்பாத் தெரியும்."

அத்தான் ஃபோனை எடுத்துக் காரின் பக்கவாட்டை ஒரு படம் பிடித்தார். படத்தைத் தட்டித் தடவி ஏதோ செய்தார். "ம்" என்றார். குனிந்து கன்னத் தகட்டின் உள்விளிம்பில் விரலை விட்டு, போல்ட் தலைகளைத் தடவினார். இன்னொரு "ம்".

"என்ன சார் 'ம்'?" என்றார் பெரிய சகலை.

"ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுலயும் ஒரு சிவப்புக் கார் இருக்காமே."

பெரியவரின் முகம் சுருங்கியது. "அதுவா? அதை நான் ஏறெடுத்தும் பார்க்கறதில்ல. அதுல உக்காந்ததும் கிடையாது, உக்காரப் போறதும் கிடையாது. ஆனா ஒண்ணு, அவன் கலர் வேற, என் கலர் வேற. மட்கார்டுல இருக்கறது என் கலர். மானம் போனாலும் உண்மையைச் சொல்றேன்."

மதிலில் இருந்த சின்னக் கதவின் வழியே தலையைக் குனிந்து நுழையும்போது மச்சான் முணுமுணுத்தான்: "தன் கார்தான் இடிச்சுதுன்னு இவ்வளவு ஆசையா ஒத்துக்கற முதலாளியை இப்பத்தான் பார்க்கறேன்."

*

சின்ன சகலை நெட்டையாக இருந்தார். வீட்டில் இருந்தபோதும் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. ஷெட்டைத் திறந்து, விருந்தாளிக்கு மாப்பிள்ளையைக் காட்டுவது போலக் காரைக் காட்டினார்.

"நல்ல வேளை வந்தீங்க. எனக்கும் இந்தக் கேஸுக்கும் சம்பந்தமே இல்லன்னு இந்தக் கலரே சொல்லும். ஆயிரம் சிவப்பை வரிசையா நிறுத்துங்க, கண்ணைக் கட்டி விடுங்க, என் சிவப்பை நான் காட்டுவேன்."

"கண்ணைக் கட்டினா எப்படி சார் காட்டுவீங்க?" என்றான் மச்சான்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." அவர் காரின் இடது கன்னத்தை உள்ளங்கையால் தட்டினார். "இதைப் பாருங்க. தொட்டுப் பாருங்க. இந்த மாதுளை மினுக்கு இந்த ஊர்ல வேற எவன்கிட்டயாவது இருக்கா? அவர் வண்டி மிளகாய், வெறும் காய்ஞ்ச மிளகாய்."

அத்தான் அவர் தட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைப் பார்த்தார். ஃபோனை எடுத்து ஒரு படம். போல்ட் தலைகளைத் தடவினார். இந்தத் தடவை 'ம்' கூடச் சொல்லவில்லை.

"நேத்து மதியத்துக்கு முன்னாடி நீங்க எங்க இருந்தீங்க?"

"லீவு. மாடியில ஏ.சி. போட்டுத் தூங்கிட்டு இருந்தேன்."

"சாருக்கு சம்பந்தம் இல்ல அத்தான்" என்றார் பின்னால் வந்த எஸ்.ஐ. "அவர் தூங்கிட்டு இருந்திருக்கார்."

"சாட்சி?"

"தூங்கினதுக்கு என்ன சாட்சி வேணும்? பெரிய மனுஷர், எதுக்குப் பொய் சொல்லணும்?"

"டிரைவரும் தூங்கிட்டுத்தான் இருந்தாராம்."

"அவன் சாக்குல தூங்கினான்" என்றார் எஸ்.ஐ., அதில் எல்லாம் அடங்கிவிட்டது போல.

இந்தக் காருக்குள்ளும் மச்சான் இறங்கியிருந்தான். ஓட்டுகிற சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. அவன் அசைந்தபோதெல்லாம் சலசலத்தது. பக்கத்துச் சீட்டில் மட்டும் உறை இல்லை. அது உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது.

"சார், உறை கூடக் கிழிக்காம வச்சிருக்கீங்களே."

"பொருளைப் பேணத் தெரியணும் தம்பி."

"ஐயோ அத்தான், இங்க வந்து பாருங்களேன். பேனட்டுல வெயில் பட்டு முன் கண்ணாடியில எகிறுது. ரோடு, எதிர் வீட்டு வெள்ளைச் சுவர், எஸ்.ஐ. மீசை எல்லாம் ரோஸ் கலர்ல இருக்கு!"

அத்தான் குனிந்து பார்த்தார். "எனக்கு எல்லாம் சாம்பலாத்தான் தெரியுது."

சின்ன சகலை வியப்போடு குனிந்தார். "ரோஸாவா? அப்படியா? நான் கவனிச்சதே இல்லையே."

"கார் சாவி எங்க சார் இருக்கும்?" என்று அத்தான் சாதாரணமாகக் கேட்டார்.

"ஹால்ல ஆணியில தொங்கும்."

"வெளியாள் யாராவது எடுக்க முடியுமா?"

"வெளியாள் எங்க வர்றான்? அக்காளும் தங்கச்சியும் கூட நேத்து உறவுக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு ராத்திரிதான் வந்தாங்க. அந்தச் சின்னக் கதவு திறந்தேதான் கிடக்கும்."

*

அத்தான் இரண்டு கார்களையும் தெருவுக்குக் கொண்டுவரச் சொன்னார். பெரியவர் தன் காரைத் தானே ஓட்டி வந்தார். சின்னவர் சாவியை எஸ்.ஐ.யிடம் நீட்டி, "நீங்களே எடுங்களேன், போலீஸ் தொட்டா நல்லா இருக்கும்" என்றார். இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. வெயில் ஏறிவிட்டது. இரண்டு வீட்டு மாடியிலும் அக்காளும் தங்கையும் வந்து நின்றார்கள்.

"எஸ்.ஐ. சார், நீங்க மட்கார்டை எதோட ஒப்பிட்டீங்க?"

"கீறல் இருந்த தகட்டோட."

"அந்தத் தகட்டை எதோட ஒப்பிட்டீங்க?"

எஸ்.ஐ. கையிலிருந்த மட்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாரும் ஒரு தடவை என் கண்ணால பாருங்க" என்று அத்தான் ஃபோனை நீட்டினார். "எனக்கு நிறம் தெரியாது. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணு."

"என்னது?" என்றார் எஸ்.ஐ. "அப்ப போன வருஷம் பச்சைப்புடவைக்காரி கேஸ்ல..."

"அது மச்சான் பார்த்தது. படத்தைப் பாருங்க."

இரண்டு படங்களிலும் நிறத்தை உருவி எடுத்திருந்தார். கறுப்பும் வெளுப்பும் மட்டும். முதல் படத்தில் பெரியவரின் கார் முழுக்கக் கருஞ்சாம்பலாக இருந்தது. கீறல் விழுந்த இடது கன்னம் மட்டும் வெளிர்ச் சாம்பல். இரண்டாவது படத்தில் சின்னவரின் கார் முழுக்க வெளிர்ச் சாம்பல். அவர் தட்டித் தட்டிக் காட்டிய இடது கன்னம் மட்டும் கருஞ்சாம்பல்.

எஸ்.ஐ. ஃபோனை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கே" என்றான் மச்சான்.

"சிவப்புன்னு கண்ணு சொன்னதும் நீங்கல்லாம் அங்கேயே நின்னுட்டீங்க. எனக்கு அந்த வசதி இல்ல. வெளிச்சம் கூடவா குறைச்சலான்னுதான் எனக்குத் தெரியும். இந்த வண்டியோட கன்னத்தைக் கழட்டி அந்த வண்டிக்கு மாட்டியிருக்காங்க, அந்த வண்டியோடதை இதுக்கு. ஒரே மாதிரி கார், தகடு அப்படியே பொருந்தும். போல்ட் தலையில ஸ்பேனர் பட்ட புதுத் தழும்பு இருக்கு. மட்கார்டுல இருக்கறது மாதுளைச் சிவப்பு. இடிச்சது சின்னவர் கார்."

எல்லாத் தலைகளும் சின்ன சகலையின் பக்கம் திரும்பின. எஸ்.ஐ. இடுப்புப் பெல்ட்டை ஏற்றிக்கொண்டார். சற்று முன்னால்வரை பெரிய மனுஷர், எதற்குப் பொய் சொல்லணும் என்றிருந்தவர், இப்போது அவர் சட்டை மடிப்பையே சந்தேகத்தோடு பார்த்தார்.

"தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னீங்களே சார். சாட்சி?"

"ஐயோ, நான் இல்ல! நான் வண்டியை எடுக்கல!"

"உங்க வண்டியை நீங்க எடுக்காம?"

"எனக்கு... எனக்கு..." சின்னவர் மாடியைப் பார்த்தார். அங்கே நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதிலைப் பார்த்தார். தெருவில் நின்று பார்க்கிற அத்தனை பேரையும் பார்த்தார். கடைசியில் குரல் உடைந்து வந்தது. "எனக்குக் கார் ஓட்டவே தெரியாது! போதுமா? ஆபீஸுக்கே டாக்ஸியிலதான் போறேன். பக்கத்துச் சீட்டுல உக்காந்து பாட்டு கேட்டுட்டு இறங்கிடுவேன். அவ்வளவுதான்!"

ஒரு சிரிப்பு கிளம்பியது.

பெரிய சகலை சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காரின் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எத்தனையோ நாளாகக் காத்திருந்த சிரிப்பு. அடக்கினால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"ஓட்டத் தெரியாதாம்! கேட்டீங்களா? அதான் இந்தக் கலரை எடுத்திருக்கான்! ஓட்டத் தெரிஞ்சவன் எவனாவது இதை வாங்குவானா? வெயில்ல எடுத்தா ரோடே ரோஸாத் தெரியும். எதிர்ல ஆள் வர்றதா சைக்கிள் வர்றதான்னு ஒரு மண்ணும் தெரியாது!"

அவர் சிரிப்பு முடியும்வரை அத்தான் பொறுமையாகக் காத்திருந்தார்.

"சைக்கிள் வர்றது தெரியலையா சார்?"

"எப்படித் தெரியும்? கண்ணுல அப்படியே ரோஸ்..." பெரியவர் நிறுத்தினார்.

தெருவில் எங்கோ ஒரு பால் வண்டியின் மணி அடித்தது.

"ஏறெடுத்தும் பார்க்காத வண்டி" என்றார் அத்தான். "உக்காந்ததும் கிடையாது, உக்காரப் போறதும் கிடையாது. ஆனா ஓட்டற சீட்டுல இருந்து பார்த்தா ரோடு என்ன நிறத்துல தெரியும்னு தெரிஞ்சிருக்கு. வண்டிக்குச் சொந்தக்காரருக்கே அது தெரியாது."

"பிளாஸ்டிக் உறை ரொம்பச் சலசலத்திருக்குமே சார்" என்றான் மச்சான் அனுதாபத்தோடு.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒரு நிமிஷம். இடிச்சது இவர், சகலை காருல. சரி. அந்தக் கீறலை எதுக்குத் தன் காருக்கு மாத்திக்கணும்? எந்த மடையனாவது பழியைத் தன் வீட்டுக்குத் தூக்கிட்டு வருவானா? அது பாட்டுக்கு அந்த வண்டியிலயே விட்டிருந்தா மாட்டறது சின்னவர்தானே?"

"சின்னவருக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஒரு நிமிஷத்துல வெளிய வந்திருக்கும். இப்ப வந்துச்சே. அப்புறம் யார் எடுத்ததுன்னு கேப்பீங்க. சின்னக் கதவு வழியா யார் வர முடியும்னு பார்ப்பீங்க. அந்த வண்டிக்கு டிரைவர் கிடையாது எஸ்.ஐ. சார். இந்த வண்டிக்கு உண்டு." அத்தான் பெரியவரைப் பார்த்தார். "சார் கீறலை மட்டும் மாத்திக்கல. கீறலைச் சுமக்க ஆள் இருக்கிற வண்டியாப் பார்த்து மாத்தினார். அதுக்கு ஷெட்டுல இருந்து ஆளை எழுப்பி லீவு குடுத்து அனுப்பணும். தகட்டை மாத்தின பட்டறைக்காரர் யாருன்னு சாரே சொல்லிடுவார்."

பெரிய சகலை நெற்றியைத் துடைத்தார். உருண்டையான உடம்பில் காற்று இறங்கிவிட்டது. "சும்மா... அந்த வண்டி எப்படிப் போகுதுன்னு ஒரு தடவை பார்க்கலாம்னு..." என்றார். பிறகு, அந்த நேரத்திலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை போலும், சகலையின் பக்கம் திரும்பிச் சேர்த்துக்கொண்டார்: "என் வண்டி அளவுக்கு இழுக்கல."

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல சார்" என்றான் மச்சான். "ரெண்டு சிவப்பும் வேற வேறன்னு இத்தனை நாளா தெருவே கேக்கற மாதிரி சண்டை போட்டீங்களே. நேத்து ஒரு மத்தியானத்துக்கு மட்டும் எப்படி ரெண்டும் ஒண்ணுதான்னு நம்பினீங்க?"

சின்னவர் மெதுவாகத் தன் காரின் இடது கன்னத்தருகே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, சற்று முன்பு அதைத் தட்டிய உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

*

ஸ்டேஷன் வாசலில் கண்டக்டர் அம்மா நின்றபடியே இருந்தார். காக்கிச் சட்டையின் முதுகு வியர்வையில் நனைந்து கறுத்திருந்தது. உட்காரச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லியிருப்பார்.

ஜீப்பிலிருந்து முதலாளி இறங்குவதையும், எஸ்.ஐ. அவர் தோளில் கை வைத்து நடத்திக்கொண்டு வருவதையும் பார்த்தார். விசிலை எடுத்து உதட்டில் வைத்தவர், ஊதாமல் கீழே விட்டுவிட்டார்.

உள்ளே ஒரே ஒரு லாக்கப் அறை. கம்பிக்குப் பின்னால், தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். நீட்டிய காலில் ஒரு செருப்பு கழன்று கிடந்தது. இடது கை மட்டும் தொடை மேல் கியரைப் பிடித்திருப்பது போல மடங்கியிருந்தது.

எஸ்.ஐ. பூட்டில் சாவியைப் போட்டார். பிறகு திரும்பி அத்தானைப் பார்த்தார்.

"அப்ப நேத்தும் இவன் நிஜமாவே..."

"தூங்கிட்டுத்தான் இருந்திருக்கார்" என்றார் அத்தான். "இப்பவும் சாட்சி வேணுமா?"

எஸ்.ஐ. இருமினார். "ஏம்ப்பா, எந்திரி..." என்று தொடங்கினார்.

"எழுப்பாதீங்க" என்றார் கண்டக்டர் அம்மா.

ஓடும் பஸ்ஸை நிறுத்துகிற குரல்தான் அது, ஆனால் மிக மெதுவாக வந்தது. எஸ்.ஐ.யின் கை பூட்டிலேயே நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் சார். கோர்ட்டும் இல்ல, டியூட்டியும் இல்ல. இவர் தானா முழிச்சு நான் பார்த்ததே இல்ல."

"அது சரிம்மா. ஆனா இவரை எங்க வைக்கறது?" எஸ்.ஐ. பெரிய சகலையைக் காட்டினார். "ரூம் ஒண்ணுதானே இருக்கு."

"நிக்கட்டும்."

பெரிய சகலை நின்றார். காலை மாற்றி மாற்றி வைத்தார். சுவரில் சாயப் போனவரைக் கான்ஸ்டபிள் ஒருவர், "சுண்ணாம்பு ஒட்டும் சார்" என்று தடுத்தார். எதிரே இருந்த ஒரே பெஞ்சில் கண்டக்டர் அம்மா அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தார். உட்கார்ந்தால் வார்த்தை வராது என்று அவர் சொன்னது உண்மைதான். கம்பிக்கு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்" என்று கிசுகிசுத்தான் மச்சான், "அந்த அம்மா கண்ணு சிவந்திருக்கு."

"எனக்குத் தெரியாது" என்றார் அத்தான். "ஈரமா இருக்கிறது தெரியுது."

ரொம்ப நேரம் நின்ற பெரிய சகலைக்குக் கால் கடுத்தது. பழக்கதோஷம். கம்பியை நோக்கி வாயைத் திறந்து, "டிரை..." என்று அதட்டத் தொடங்கினார்.

எஸ்.ஐ. உதட்டில் விரலை வைத்தார்.

"உஷ்! ஆள் தூங்கறார், பார்க்கல?"